'ஒரிஜினல்' என்ற மயக்கம்

நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழாவில் கேரம், சதுரங்கம், இறகுப்பந்து இவற்றோடு இளைஞர்களுக்கான வீடியோ கேம் போட்டியும் இடம்பெறத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. விடுமுறை நாளிலும் அறையை விட்டு வெளியே வராத பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்த பெருமை அந்தப் போட்டிக்கு உண்டு. ஆனால் இந்த ஆண்டு வெளியிடப்பட்டுள்ள விதிமுறைகளில் நான்காவது விதி என்னை யோசிக்க வைத்தது. 'போட்டியாளர்கள் சொந்தக் கண்ட்ரோலர் கொண்டுவரலாம். ஆனால் அது கன்சோலைத் தயாரித்த கம்பெனியின் ஒரிஜினலாக மட்டுமே இருக்க வேண்டும்' என்கிறது அவ்விதி. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது தேவையற்றது, சிலருக்கு அநீதியும் இழைக்கிறது என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விவரம் அறியாத மூத்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டி.வி.யோடு இணைக்கும் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல்களால் குமிழையும் பொத்தான்களையும் இயக்கி விளையாடும் கருவிதான் கண்ட்ரோலர். பல வீடுகளில் அதை 'ரிமோட்' என்றே சொல்கிறார்கள். பெட்டியைச் செய்த கம்பெனியே கண்ட்ரோலரையும் விற்கிறது. வேறு கம்பெனிகளும் அதே பெட்டிக்குப் பொருந்தும்படி கண்ட்ரோலர் செய்து விற்கின்றன. நம் விதி தடுப்பது இந்த இரண்டாவது வகையை.

நம்மவர்களுக்கு உலகத்துப் பொருள்கள் அனைத்தும் இரண்டே ஜாதி: ஒன்று ஒரிஜினல், மற்றது டூப்ளிகேட். பாலிகா பஜாரில் ஏமாந்து பழகிய நமக்கு இந்தப் பாகுபாடு வந்ததில் வியப்பில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அது போதாது. இங்கே மூன்று வகைகள் இருக்கின்றன. பெரிய கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டி, ஒரிஜினல் என்று சொல்லி விற்கப்படும் போலி முதல் வகை. அது மோசடி, அதற்காக நான் வாதாட வரவில்லை. கன்சோல் கம்பெனிக்கு உரிமத் தொகை கட்டி, அதன் அனுமதியோடு வேறொரு கம்பெனி செய்வது இரண்டாம் வகை. ஜப்பானின் ஹோரி நிறுவனம் இவ்வாறு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. உரிமம் வாங்காமல், ஆனால் தன் சொந்தப் பெயரைத் தைரியமாகப் போட்டு, 'இது இன்ன கன்சோலில் வேலை செய்யும்' என்று சொல்லி விற்பது மூன்றாம் வகை. ஒரு கம்பெனியின் பேனாவுக்கு இன்னொரு கம்பெனி ரீஃபில் செய்து விற்பதைப் போன்றது இது. அந்த ரீஃபிலை நாம் யாரும் டூப்ளிகேட் என்று சொல்வதில்லை. நான்காவது விதியோ இந்த மூவரையும் ஒரே கயிற்றில் கட்டி வெளியே தள்ளுகிறது.

ஆரம்ப காலத்தில் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லை. 1977-இல் வந்த அடாரி கன்சோலின் ஜாய்ஸ்டிக்கில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சாதாரண பிளக் இருந்தது. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடும், அவ்வளவுதான். எனவே யார் வேண்டுமானாலும் அதற்கு ஜாய்ஸ்டிக் செய்தார்கள். கமடோர் 64 கம்ப்யூட்டரிலும் பின்னர் வந்த சேகா கன்சோல்களிலும் அதே ஒன்பது ஊசி பிளக்தான். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் குவிந்து கிடந்த டி.வி. கேம் பெட்டிகளை நினைவிருக்கிறதா? ஜப்பானின் நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாம் பெட்டியின் நகல்கள்தாம் அவற்றில் பெரும்பாலானவை. இன்று நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளில் பலர் அந்த நகல் பெட்டியில்தான் விளையாடக் கற்றார்கள். அவர்களே இன்று விழாக் குழுவில் அமர்ந்து 'ஒரிஜினல் மட்டும்' என்று விதி எழுதுவது காலத்தின் வேடிக்கை!

பூட்டு பிறகுதான் வந்தது. இன்றைய கன்சோல், கண்ட்ரோலரை இணைத்தவுடன் அதனிடம் ஒரு கேள்வி கேட்கிறது. கம்பெனி கொடுத்த ரகசிய எண் உள்ளே பதிந்திருந்தால்தான் சரியான பதில் வரும். இல்லாவிட்டால் 'நீ யாரோ' என்று ஒதுக்கிவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 அக்டோபர் மாதத்தில் எக்ஸ்பாக்ஸ் உரிமையாளர்களுக்கு ஓர் அறிவிப்பைத் திரையில் காட்டியது. இணைக்கப்பட்ட கருவி அங்கீகாரம் பெறாதது, நவம்பர் 12 முதல் அது இயங்காது என்பது அதன் சாரம். அதுவரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவிகள், ஒரு குறையும் இல்லாமலே, உரிமையாளரின் வீட்டு அலமாரியில் செத்துப்போயின. காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் கதவை, விற்றவர் தொலைவிலிருந்து சாத்துகிறார் என்றால் அந்தப் பெட்டி உண்மையில் யாருடையது?

இன்னொன்றும் கேளுங்கள். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது, அதே சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலர் பழைய ஆட்டங்களுக்கு மட்டுமே செல்லும், புதிய பெட்டிக்கென்றே வரும் ஆட்டங்களுக்குச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நேற்றைய ஒரிஜினல் இன்று அந்நியன் ஆகிவிட்டது! ஆக 'ஒரிஜினல்' என்பது பொருளின் தரத்தைச் சொல்லும் சொல் அன்று. கம்பெனியின் அன்றைய வியாபார முடிவைச் சொல்லும் சொல்.

நிற்க. கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு: தரமும் நேர்மையும். இரண்டையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் தரம். கண்ட்ரோலரின் குமிழுக்கு அடியில் இருப்பது, பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே சமாசாரம். கரிப்பூச்சுப் பட்டை ஒன்றின் மேல் சிறு உலோகத் துண்டு உராய்ந்து நகர்கிறது. நாளடைவில் பட்டை தேய்கிறது. ரேடியோ கரகரத்தது, இங்கே தொடாமலே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்குகிறான். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் இந்தக் கோளாறு பற்றி உலகெங்கும் புகார்கள் எழுந்தன. அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. இதற்கு மாற்று இல்லையா? உண்டு. 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த காந்த விளைவைப் பயன்படுத்தினால் உராய்வே தேவையில்லை. குமிழின் அடியில் ஒரு காந்தம், எதிரே அதை உணரும் சில்லு. ஒன்றையொன்று தொடாததால் அந்த இடத்தில் தேய்மானம் இல்லை. 1998-இல் வந்த சேகாவின் டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் இந்த முறை இருந்தது. அண்மைக் காலத்தில் இதைப் பரவலாகத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார்? குலிகிட், எய்ட்பிட்டோ போன்ற வெளிக் கம்பெனிகள்! தரத்தைக் காரணம் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்களே இந்த ஒரு விஷயத்தில் தரத்தில் முந்திக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக் கண்ட்ரோலருக்கும் இதே வியாதி வந்தது. கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. வாங்கிப் பதினைந்து மாதம். வாரண்டியோ பன்னிரண்டு மாதம். சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர், "இதுக்கு ரிப்பேர் கிடையாது சார், புதுசுதான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். விலையைக் கவனியுங்கள். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தபோது பெட்டியின் விலை 49,990 ரூபாய். தனிக் கண்ட்ரோலர் 5,990 ரூபாய். பெட்டி விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு தொகையா? வெளிக் கம்பெனி என்ற போட்டி இல்லாவிட்டால் இந்த விலையைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

தரத்தில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரு கவலை உண்டு. அது பேட்டரி. மலிவான லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆனால் அதைக் கவனிக்க நம் நாட்டில் வேறு ஏற்பாடு இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஆணையின் கீழ் வீடியோ கேம் கருவிகளும், பின்னர் லித்தியம் பேட்டரிகளும் பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டன. பாதுகாப்புதான் கவலை என்றால் பதிவு முத்திரையைப் பாருங்கள். கம்பெனியின் குலம் கோத்திரம் எதற்கு?

அடுத்தது நேர்மை. விழாக் குழுவினரின் உண்மையான அச்சம் இதுதான் என்று அறிகிறேன். துப்பாக்கி ஆட்டங்களில் குறி தவறாமல் இருக்கக் குறுக்குவழி செய்து கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன என்பது மெய்தான். க்ரோனஸ் ஜென் என்பது அவற்றில் பெயர் பெற்றது. 2023-இல் 'கால் ஆஃப் டியூட்டி' ஆட்டத்தை வெளியிடுவோரும் யூபிசாஃப்ட் நிறுவனத்தாரும் இத்தகைய கருவிகளைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடுகளை அறிவித்தார்கள். ஆனால் இந்தக் கருவி எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். கண்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவில். கன்சோல் கேட்கும் ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்ல அதற்கு ஓர் அங்கீகாரம் பெற்ற கண்ட்ரோலர் துணைக்கு வேண்டும். அதாவது, ஏமாற்றுகிறவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரிஜினல்தான்! திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிக்கும் கதையாக அல்லவா இருக்கிறது நம் விதி! ஏமாற்றைத் தடுக்க வேண்டுமானால் நடுவில் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இணைப்பை நடுவர் கண்ணால் பார்த்தால் போதும். அமெரிக்காவில் நடக்கும் புகழ்பெற்ற ஈவோ சண்டை ஆட்டப் போட்டிக்கே வீரர்கள் தத்தம் கைக்குப் பழகிய கருவிகளைக் கொண்டுவருகிறார்கள். வெளிக் கம்பெனிக் கருவிகளும் அவற்றில் உண்டு.

நீதிமன்றங்களும் இந்த வழக்கைக் கேட்டிருக்கின்றன. நிண்டெண்டோ கன்சோலுக்கும் ஆட்ட அட்டைக்கும் நடுவே செருகும் 'கேம் ஜீனி' என்ற கருவியைத் தடை செய்யக் கோரிய வழக்கில், 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கையடக்க பிளேஸ்டேஷனுக்கான துணைக் கருவிகளை விற்ற டாடெல் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. ஆட்டத்தின் நிரலை மாற்றாமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் மதிப்புகளை மட்டும் மாற்றுவது கணினி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பில் அடங்காது என்பதே அது. நம் நாட்டிலும், 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு நிரலோடு இன்னொன்று இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. கார் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014-இல் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவைச் சங்கம் ஏன் சாத்த வேண்டும்?

இனி, இதை எழுத என்னைத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்குப் பிறவியிலேயே வலக்கையில் பலம் குறைவு. கடைக் கண்ட்ரோலரை அவளால் பிடிக்க முடியாது. பெரிய பொத்தான்களை வாங்கி, ஒரு பலகையில் பொருத்தி, இடக்கையாலும் முழங்கையாலும் இயக்கும்படி அவள் அப்பா ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பாகம்கூடக் கன்சோல் கம்பெனியுடையது அன்று. அவள் கார் ஓட்டும் ஆட்டத்தில் குடியிருப்புப் பையன்கள் அத்தனை பேரையும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள். நான்காவது விதியைப் படித்த பிறகு அவள் பெயர் கொடுக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்டது. பொத்தான், மிதி, உதட்டால் இயக்கும் கருவி என எதையும் எந்தக் கம்பெனியிடமிருந்தும் வாங்கிச் செருகிக்கொள்ளும்படி அதில் 3.5 மில்லிமீட்டர் துவாரங்கள் பத்தொன்பது. ஒவ்வொருவர் உடம்பும் வேறு; எல்லாருக்கும் ஒரே கம்பெனியால் செய்து கொடுத்து மாளாது என்பதை அந்தத் துவாரங்களே ஒப்புக்கொள்கின்றன. 2023-இல் வந்த தடையைப் பற்றி மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்கள் கவலை தெரிவித்ததும் இதனால்தான். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்கத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவதை ஓர் உரிமையாகவே பேசுகிறது. மொழியைக் காப்பாற்ற ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் வைத்த நாம், ஒரு குழந்தையை வாசலில் நிறுத்துவது அழகா?

எனவே விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. நான்காவது விதியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் மூன்று வரிகள் எழுதுங்கள். எந்தக் கம்பெனியின் கண்ட்ரோலரும், வீட்டில் செய்ததும்கூட, ஏற்கப்படும். கண்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவே, ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவி எதுவும் கூடாது, நடுவர் சோதிப்பார். தானாக மீண்டும் மீண்டும் சுடும் பொத்தான் போன்ற வசதிகள் இருந்தால் அவற்றை அணைத்துவிட்டே ஆட வேண்டும். எந்தக் கருவி எந்தக் கன்சோலில் வேலை செய்கிறது என்பதை முதல் நாளே சோதித்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அன்றைய குழப்பமும் குறையும்.

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் திருத்திய விதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், கொடுக்காமல் நின்றுபோன ஒரு பெயராவது பட்டியலில் சேரும்.