ஒப்படைத்த செல்வம்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று போற்றப்பெறும் பழம்பதியாகும். சுந்தரர் அங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறும். ஆற்றில் இடுமுன் அவர் ஒரு சிறு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். பின்னர்க் கிடைத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு, மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, முழு மாற்றுப் பெறும்வரை பாடி வேண்டினார். ஒப்படைத்த பொருள் குறைவின்றித் திரும்புதல் வேண்டும் அன்றோ?

இந்நாளில் அவ்வூர் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றுள்ளது. அங்கேயாயினும் வேறு எங்கேயாயினும், வேலைக்குச் செல்லும் தாய்மார் பொன்னினும் அரிய செல்வத்தைக் காலையில் பிறர் கையில் ஒப்படைக்கின்றனர். அச்செல்வம் அவர்தம் குழந்தை. பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையை எக்கல்லில் உரைப்பது? பகலில் அடிபட்டதையும் பசித்திருந்ததையும் எடுத்துச் சொல்ல அதற்கு மொழி இல்லை. ஆகவே காப்போரின் மனச்சான்றே அங்கு உரைகல்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணும் அங்கன்வாடித் திட்டம் நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கப்பெற்ற ஊட்டச்சத்துத் திட்டத்தில், குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை போதிய அளவு கூடாதவர்களைக் கண்டறிந்து அவர்களுக்குச் சிறப்பு உணவு அளித்தனர். தராசு காட்டிய எண்ணே உணவுக்கு வழி திறந்தது. நிறுத்துப் பாராமலே ஓர் எண்ணைப் பதிவேட்டில் எழுதினால் நேர்வது யாது? நலிந்த குழந்தை ஏட்டில் நலமுடையதாகிவிடும். அதற்குரிய உணவு அதற்குக் கிட்டாது. எழுதியவர் எவரையும் அடிக்கவில்லை, எதனையும் திருடவில்லை. ஆயினும் ஒரு பொய்யெண் ஒரு குழந்தையைப் பட்டினியிட்டது.

குழந்தைகள் மையத்தில் ஒழுக்கம் என்பது இத்தகைய சிறு செயல்களிலேயே உள்ளது. முட்டையை எண்ணிக் கொடுத்தல், குடிநீரை மூடி வைத்தல், அழும் குழந்தையை அச்சுறுத்தாது ஆற்றுதல், சாதியும் செல்வமும் நோக்காது ஒரே வரிசையில் அமர்த்துதல், விழுந்து காயம்பட்டால் மறைக்காமல் தாயிடம் உரைத்தல் ஆகியன அவை. மேலதிகாரி வரும் நாளில் இவற்றைச் செய்வது எளிது. எவரும் வாராத நாளிலும் செய்வதே ஒழுக்கம்.

ஊதியம் குறைவு, வேலை மிகுதி. இவர்களிடம் இத்துணை ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. நல்ல ஊதியம் கேட்பது பணியாளரின் உரிமை. அதனைத் தருவது ஆள்வோரின் கடமை. ஆனால் அக்குறையைக் குழந்தையின் தட்டிலிருந்து ஈடுசெய்தல் எவ்வாற்றானும் அறமாகாது. தவறு கண்ட உடன்பணியாளர் வாய்மூடி இருப்பதும் அத்தகையதே.

பச்சை மண்ணில் விழுந்த கோணலை விரலால் திருத்திவிடலாம். சூளையில் வெந்த பின் அது திருந்தாது. இதனைப் பீங்கான் தொழிலாளர் அனைவரும் அறிவர். பச்சை மண்ணை ஒத்த பருவத்தில் குழந்தையைத் தொடும் கை தூய கையாக இருத்தல் வேண்டும். மாலையில் திரும்பும் தாய், காலையில் விட்ட செல்வத்தை மாற்றுக் குறையாமல் பெறுவாளாக!