விமானத்தின் முதலாம் வகுப்பும் கைக்குழந்தைகளும்

பொருள் கொடுத்து அமைதியை வாங்கலாமா என்னும் வினா இக்காலத்தே ஆகாய விமானங்களில் எழுந்துள்ளது. உயர்ந்த கட்டணம் செலுத்துவோர் அமரும் வகுப்புகளிற் கைக்குழந்தைகளை அனுமதித்தல் தகுமா என்பதே அவ்வினா. கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் பலர் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மனைவி மக்களோடு தாயகம் வந்து மீள்பவராதலின், இஃது எமக்குப் புறம்பான விடயமன்று.

2011ஆம் ஆண்டில் மலேசிய விமான நிறுவனம், தனது போயிங் 747 விமானங்களின் முதலாம் வகுப்பிற் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்று அறிவித்தது. பெரும்பணம் செலுத்தியும் அழுகையொலியால் உறங்க முடியவில்லை எனப் பிரயாணிகள் முறையிட்டமை காரணமாகக் கூறப்பட்டது. அம்முறையீட்டை நாம் எள்ளி நகையாடோம். இறங்கியவுடன் சத்திரசிகிச்சைக்கோ மரணச் சடங்கிற்கோ விரைபவரும் அங்கே இருத்தல் கூடும். அவர்க்கு உறக்கம் ஆடம்பரமன்று, தேவையேயாம்.

ஆயினும், குழந்தை ஏன் அழுகின்றது? பறக்கும் விமானத்தினுள் உள்ள காற்றமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலைமீது உள்ளதற்கு ஒப்பானது. விமானம் இறங்குகையில் அவ்வமுக்கம் மீண்டும் கூடுகின்றது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகக் குறுகியதாதலின், செவிப்பறை நோகின்றது. வளர்ந்தோர் உமிழ்நீரை விழுங்கியும் கொட்டாவி விட்டும் அந்நோவைத் தீர்த்துக்கொள்வர். குழந்தைக்கு அழுகையன்றி வேறு மொழியில்லை. நோவுற்றவரைக் குற்றவாளியெனத் தள்ளிவைத்தல் நீதியாகுமா?

இன்னுமொன்று சிந்திக்கத்தக்கது. முதலாம் வகுப்பிலிருந்து விலக்கப்பட்ட அழுகை எங்கே போகின்றது? வானிற் கரைந்துவிடுவதில்லை, பின்னேயுள்ள சாதாரண வகுப்பிற்கே செல்கின்றது. அங்கே ஆசனங்கள் நெருங்கியவை, ஆட்களும் பலர். மத்திய கிழக்கில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தொழிலாளியும் அங்கேதான் கண்ணயர முயல்கின்றான். முன்னே இருப்பவரின் செவியைக் காத்தற்குப் பின்னே இருப்பவரின் செவி விலை கொடுக்கின்றது. துன்பம் நீங்கவில்லை, இடம் மாறியதே உண்மை. அன்றியும், குழந்தையை ஏந்திய தாயும் அவ்வகுப்பிற்குரிய கட்டணத்தைச் செலுத்த ஆயத்தமாயிருப்பவளே. கட்டணம் அகன்ற ஆசனத்தையும் நல்லுணவையும் தரலாம். சக பிரயாணியை வெளியேற்றும் உரிமையைத் தராது.

இருவர்க்கும் பொருந்தும் வழி இல்லாமலில்லை. 2013ஆம் ஆண்டில் எயர் ஏசியா எக்ஸ் நிறுவனம் சாதாரண வகுப்பிற் சில வரிசைகளை அமைதிப் பகுதியாக ஒதுக்கிற்று. அதே வகுப்பின் ஏனைய ஆசனங்கள் குழந்தைகளுக்குத் திறந்தேயிருந்தன. 2019இல் யப்பான் எயர்லைன்ஸ், 2 வயதிற்குட்பட்ட குழந்தைகள் எவ்வாசனங்களில் அமர்வர் என்பதை முற்பதிவுப் படத்திலே காட்டத் தொடங்கியது. அமைதி வேண்டுவோர் விலகி அமரலாம். தாயும் நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. தெரிவு செய்யும் வசதி வேறு, விலக்கு வேறு என்பதை நிறுவனங்கள் உணர்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் கடமையுண்டு. விமானம் இறங்கும்போது குழந்தைக்குப் பாலூட்டின், விழுங்குதலாற் காதின் நோவு குறையும். அழும் குழந்தையை ஏந்திச் சிறிது உலாவுதலும் நன்று. கவலையற்று வாளாவிருத்தல் பிறர்க்கு இழைக்கும் தீங்காகும்.

ஆதலின், எவ்வகுப்பிலும் குழந்தைக்கு இடமளித்தலே முறை என்பது எமது துணிபு. இன்று உறக்கம் கெட்டதென முகஞ் சுளிக்கும் நாம் யாவரும், ஒருகால் எவருடைய உறக்கத்தையோ கெடுத்து வளர்ந்தவர்களே.