சர்க்கரைக் கணக்கும் ‘சோம்பேறி’ புரோகிராமும்!

காலையில் வெறும் வயிற்றில், விரல் நுனியில் ஒரு குத்து. குளுக்கோமீட்டரில் 170 என்று வந்துவிட்டால் அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். ‘நேத்து கல்யாண வீட்ல ரெண்டு கப் பாயசம் வேண்டாம்னு சொன்னேனே’ என்பார் ஒருவர். ‘மாத்திரையைக் கூட்டணுமோ’ என்பார் இன்னொருவர். மறுநாள் 127 வந்ததும் எல்லோருக்கும் அது மறந்துவிடும்.

ஒரே ஒரு நாளின் எண் வீணாகப் பதறவும் வைக்கும். வீணான நிம்மதியையும் தரும். சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் சராசரி வேண்டும். அதுவும் நாளோடு சேர்ந்து நகர்கிற சராசரி. இதைத்தான் ‘மூவிங் ஆவரேஜ்’ என்கிறார்கள்.

ஒருவரின் ஏழு நாள் ரீடிங் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 128, 135, 119, 142, 131, 170, 127. மொத்தம் 952. ஏழால் வகுத்தால் 136. நடுவில் ஒருநாள் 170-க்கு எகிறினாலும் சராசரி பதறவில்லை. எட்டாம் நாள் 121 வருகிறது. இப்போது மறுபடி ஏழு எண்களையும் கூட்ட வேண்டியதில்லை. முதல் நாளின் 128-ஐக் கழித்து, புதிய 121-ஐச் சேர்த்தால் மொத்தம் 945. சராசரி 135. ஒரு கழித்தல், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். அவ்வளவுதான்!

நம் உடம்பே இதுபோல ஒரு கணக்கைப் போடுகிறது. ‘மூன்று மாத சர்க்கரை’ என்று சொல்லப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். பழைய அணுக்கள் கழிந்து, புதியவை சேர்ந்துகொண்டே இருப்பதால், அந்த ரிசல்ட்டும் ஒரு நகரும் சராசரி போலத்தான்.

முடிவே இல்லாத வரிசை

விரலில் குத்துவதற்குப் பதில், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் இப்போது வந்துவிட்டன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் அனுப்பும் சென்சார் என்றால், ஒரு நாளைக்கு 288. ஒரு வருடத்துக்கு 1,05,120. ‘எல்லா எண்களும் வந்து சேரட்டும், பிறகு கணக்குப் போடலாம்’ என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. ரீடிங் வந்துகொண்டேதான் இருக்கும்.

முடிவில்லாத இந்த மாதிரி வரிசைகளுக்காகவே ‘ஃபங்ஷனல் புரோகிராமிங்’ உலகில் ஓர் உத்தி இருக்கிறது. பெயர், ‘லேஸி சீக்வென்ஸ்’. சோம்பேறி வரிசை!

ஓட்டல் தோசை மாஸ்டரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதற்காக ஆயிரம் தோசையைச் சுட்டு அடுக்கி வைப்பதில்லை. மாவு தயார், கல் சூடாக இருக்கிறது. ஆர்டர் வந்தால் ஒரு தோசை. சோம்பேறி வரிசையும் அப்படித்தான். அடுத்த எண்ணை உண்டாக்கும் வழிமுறை மட்டும் அதனிடம் இருக்கும். யாராவது கேட்டால்தான் கணக்கே நடக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. 1976-ல் டேனியல் ஃப்ரீட்மேனும் டேவிட் வைஸும் ஓர் ஆய்வுக் கட்டுரையிலும், பீட்டர் ஹென்டர்சனும் ஜேம்ஸ் மோரிஸும் இன்னொரு கட்டுரையிலும் இதை எழுதினார்கள். 1990-ல் வந்த ‘ஹாஸ்கெல்’ மொழி, சோம்பலையே தன் இயல்பாக வைத்துக்கொண்டது. ஹாஸ்கெல் கரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயர் அது. நம் வீட்டுக் கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! 2007-ல் ரிச் ஹிக்கி வெளியிட்ட ‘க்ளோஜர்’ மொழியிலும் சோம்பேறி வரிசைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டு பேர் நடக்கிறார்கள்

ஃபங்ஷனல் புரோகிராமிங்கில், எழுதிய எண்ணை அழித்துத் திருத்துவதைத் தவிர்ப்பார்கள். அப்படியென்றால் ஓடும் மொத்தத்தை எப்படி வைத்துக்கொள்வது? பழைய மொத்தத்தை அழிக்காமல், அதிலிருந்து அடுத்த மொத்தத்தைப் பிறக்க வைக்கிறார்கள். 952, பிறகு 945 என்று மொத்தங்களே ஒரு வரிசையாகிவிடும்.

ஒரே பாதையில் இரண்டு பேர் நடப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் முதல் நாள் ரீடிங்கில் நிற்கிறார். இன்னொருவர் ஏழு அடி முன்னால், எட்டாம் நாளில் நிற்கிறார். இருவரும் ஒரே சமயத்தில் ஒவ்வோர் அடியாக வைக்கிறார்கள். முன்னால் போகிறவர் சொல்லும் எண்ணைக் கூட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் சொல்லும் எண்ணைக் கழிக்க வேண்டும். அந்த இருவருக்கும் இடையில் உள்ள எண்கள் மட்டும் நினைவில் இருந்தால் போதும். அவர்கள் கடந்துவிட்ட பாதையை மறந்துவிடலாம்.

இதனால் என்ன லாபம்? சென்சாரின் 30 நாள் சராசரியை எடுத்துக்கொள்வோம். 8,640 எண்கள். ஒவ்வொரு ரீடிங் வரும்போதும் முதலிலிருந்து கூட்டினால், ஒரு நாளைக்குச் சுமார் 25 லட்சம் கூட்டல்கள். கூட்டிக் கழிக்கும் வழியில் போனால், வகுத்தலை விட்டுவிட்டு, வெறும் 576 கணக்குகள்!

சோம்பலிலும் ஆபத்து

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்ட பாத்திரங்கள் சிங்க்கில் குவிவதுபோல, தள்ளிப்போட்ட கூட்டல்களும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் குவியலாம். அதனால் ஹாஸ்கெல் எழுதுபவர்கள், மொத்தத்தை மட்டும் ‘இப்போதே போடு’ என்று கட்டளையிடுவது உண்டு.

இன்னொரு சிக்கல், வரிசையின் முதல் எண்ணை விடாமல் பிடித்திருப்பது. பூச்சரத்தின் முதல் பூவைக் கையில் பிடித்திருந்தால், சரம் முழுவதும் கையோடுதான் வரும். அதுபோல, கடந்துபோன ஒரு லட்சம் எண்களும் நினைவகத்தை விட்டு நகராது.

தசமப் புள்ளி எண்களில் வேறொரு தொல்லை. பெரும்பாலான கம்ப்யூட்டர் மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் மிகச் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி பிசகும். கூட்டிக் கழித்துக்கொண்டே போகும்போது அந்தத் துளிகள் சேரும். அவ்வப்போது மொத்தத்தைப் புதிதாகக் கூட்டிச் சரிபார்ப்பது நல்லது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. புரோகிராமில் பிழையே இல்லாவிட்டாலும், சராசரியால் சொல்ல முடியாத சங்கதி அது. ஒரு ரீடிங் 60, அடுத்தது 212 என்றால் சராசரி அதே 136. பார்க்க அமைதியான எண். ஆனால் 70-க்குக் கீழே போவது தாழ்சர்க்கரை. கவனிக்காமல் விட்டால் மயக்கம் வரைக்கும் கொண்டுபோகும்.

அதனால் தாழ்சர்க்கரை அலாரத்தைச் சராசரியிடம் ஒப்படைக்கக் கூடாது. அது ஒவ்வொரு ரீடிங்கையும், வந்த உடனே பார்த்தாக வேண்டும். மாதக்கணக்கான போக்கைச் சொல்லச் சராசரி போதும். இந்த நிமிடத்து ஆபத்தைச் சொல்ல அந்த ஓர் எண்தான் வேண்டும். கணக்குப் போடுவதில் புரோகிராம் சோம்பேறியாக இருக்கலாம். காவல் காப்பதில் கூடாது!