அளவையில் நேர்மை வேண்டும்

வேதியியல் பயிலும் நண்பர்களை ஒன்று கேட்கிறேன். செய்முறை ஏட்டிலே நாம் எழுதிவைக்கும் மூன்று பியூரெட் அளவுகளில் எத்தனை அளவுகள் உண்மையாகவே அளந்தவை? முதல் முறை 18.4 என்று வந்தால், மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடமே இருக்கிறதென்றால், இரண்டாவதும் மூன்றாவதும் 18.4 என்றே வந்துவிடும். பியூரெட்டைத் தொடாமலே வந்துவிடும்! இளங்கலை பயின்ற நாளில் நானும் இந்தக் கலையில் கைதேர்ந்தவனாக இருந்தேன். மதிப்பெண்ணும் குறையவில்லை. அந்தப் பழக்கத்திற்கு விலை கொடுத்தது மைசூருக்கு வந்த பிறகுதான். விலை கொடுத்ததும் நானல்லேன். வாயில்லாச் சில கடல் உயிர்கள்.

மானசகங்கோத்திரிக்கு அருகே நான் குடியிருக்கும் அறையில் நாற்பது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதிலே கடல்நீர். மைசூரிலே கடல்நீர் ஏது என்று கேட்பீர்கள். கடல் மட்டத்திற்கு எழுநூற்றைம்பது மீட்டருக்கும் மேலே, மலை கடந்து வாழும் நமக்குக் கடல் எட்டாத பொருள்தான். ஆயினும் கடையில் விற்கும் கடலுப்புக் கலவையைத் தூய நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடுகிறது. அதில் இரண்டு சிறு மீன்கள், ஒரு மென்பவளம், நான்கு கடல் நத்தைகள், கல்லின்மேல் இளஞ்சிவப்பாய்ப் படரும் சுண்ணாம்புப் பாசி ஆகியவற்றை வளர்த்துவந்தேன். நத்தையின் ஓட்டுக்கும் பாசியின் மேனிக்கும் வேண்டியது கால்சியம். கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் இருக்கும். அந்த அளவு குறையாமல் பார்ப்பது வளர்ப்பவன் கடமை.

ஒருநாள் இரவு, அறையின் மஞ்சள் விளக்கொளியில், கால்சியத்தை அளந்தேன். 340 என்று வந்தது. முந்திய வாரம் 420. ஒரே வாரத்தில் எண்பது மில்லிகிராம் போய்விட்டதே என்று பதறினேன். மறுமுறை அளக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பழக்கம் விட்டிராது. கணக்குப் போட்டேன்: நாற்பது லிட்டருக்கு எண்பது மில்லிகிராம் ஏற்றப் பன்னிரண்டு கிராம் கால்சியம் குளோரைடு வேண்டும். அதைக் கரைத்து ஒரே மூச்சில் ஊற்றினேன். கால்சியமும் காரமும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று எங்கோ படித்தது அரைகுறையாக நினைவுக்கு வர, சலவைச் சோடாவையும் கரைத்துப் பின்னாலேயே ஊற்றினேன். காலையில் தொட்டி பால்போல் வெளுத்திருந்தது. கால்சியமும் கார்பனேட்டும் கூடிச் சுண்ணாம்பாய்ப் படிந்து, கல்லையும் பாசியையும் மூடிவிட்டன. நான்கு நத்தைகளில் மூன்று இறந்தன. மென்பவளம் சுருங்கியது, மீண்டும் விரிய ஒரு மாதம் ஆயிற்று.

நல்லவேளையாக, அன்று அளக்க எடுத்த நீரில் மிச்சம் ஒரு புட்டியில் இருந்தது. அதை மறுநாள் பகல் வெளிச்சத்தில் மூன்றுமுறை அளந்தேன். 415, 420, 420. அதாவது, தொட்டியில் எந்தக் குறையும் இருந்ததில்லை. குறை என் கையில் இருந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? இந்தச் சோதனையின் அடிப்படை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. சூரிச் நகரத்து ஸ்வார்ட்ஸன்பாக் என்னும் அறிஞர் 1940-களில் வகுத்த ஈ.டி.டி.ஏ. முறைதான் அது. நீரில் எரிசோடாவை இட்டுப் பி.எச். அளவைப் பன்னிரண்டுக்கு மேல் உயர்த்தினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாய் ஒதுங்கிவிடும். எஞ்சிய கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. துளித்துளியாகப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் பிடிபட்டதும் நிறங்காட்டி இளஞ்சிவப்பிலிருந்து நீலத்திற்கு மாறும். வீட்டுச் சோதனைப் பெட்டியில் பியூரெட்டுக்குப் பதில் சிறு ஊசிக்குழல் இருக்கும். வேறுபாடு அவ்வளவே.

நான் இரண்டு மில்லிலிட்டர் நீரை ஊசிக்குழலில் எடுத்தபோது உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றதைக் கவனிக்கவில்லை. நீர் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மஞ்சள் விளக்கில் ஊதா தோன்றியவுடனே நீலம் வந்துவிட்டதென்று நிறுத்தினேன். அதில் இன்னொரு பத்தில் ஒரு பங்கு போயிற்று. 420-இல் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 378. அதில் மீண்டும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 340! இரு சிறு பிழைகள் கைகோத்துக்கொண்டு பெரும்பொய் ஒன்றைச் சொல்லிவிட்டன.

இதைவிட வெட்கப்படத்தக்கது வேறொன்று. அந்த 340 பொய் என்பதை அன்றிரவே, சோதனை எதுவும் செய்யாமல், தாளும் எழுதுகோலும் கொண்டே நான் கண்டிருக்கலாம். சுண்ணாம்பு உண்டாகும்போது இருபது மில்லிகிராம் கால்சியத்தோடு ஒரு மில்லிச் சமானம் காரத்தன்மையும் சேர்ந்தே செலவாகும். எண்பது மில்லிகிராம் கால்சியம் செலவாகியிருந்தால் நான்கு மில்லிச் சமானம் காரம் போயிருக்கவேண்டும். என் தொட்டியில் மொத்தக் காரத்தன்மையே இரண்டரைதான். அதுவும் அன்று காலையில் அளந்தபோது, முந்திய வாரம் இருந்த இரண்டரையாகவே இருந்தது. இடையில் நான் எதையும் இட்டவனல்லேன். இரு எண்களும் ஒரே ஏட்டில், ஒரே பக்கத்தில், அருகருகே நின்று ஒன்றையொன்று பொய்யென்று கூவிக்கொண்டிருந்தன. கேட்கும் செவிதான் எனக்கில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது வழக்குமன்றத்திற்கு மட்டுமா? ஊசிக்குழலுக்கும் அதுவே சட்டம்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன். தொட்டி வளர்க்கும் அன்பர்களுக்கு இவை நேரே பயன்படும். மற்றவர்களுக்குச் செய்முறை வகுப்பில் பயன்படும்.

முதலில் உப்புச் செறிவை அளக்கவேண்டும். சாலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்பவர் ஆராய்ந்து 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடல்நீர் எங்கே மிகுந்தும் குறைந்தும் உப்புக் கரித்தாலும், அதிலுள்ள பெரும் உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆகவே, ஆயிரத்திற்கு 35 பங்கு உப்புள்ள நீரில் 420 இருக்கும் கால்சியம், 30 பங்குள்ள நீரில் 360 ஆகத்தான் இருக்கும். அங்கே நீர்த்திருப்பதுதான் நோய். கால்சியத்தை ஊற்றுவது அதற்கு மருந்தாகாது. ஆவியாய்ப் போன நீருக்கு ஈடாகத் தூய நீரையே ஊற்றவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் தானே கால்சியத்தைக் கொண்டுவந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, நீரை எடுக்கும் குழலை முதலில் அதே நீரால் கழுவி, குமிழ் இல்லாமல் எடுத்து, கண்ணின் நேர்மட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மில்லிலிட்டரில் 0.1 தவறினால் விடையில் இருபது மில்லிகிராம் தவறும். மூன்றாவது, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின்மேல் வைத்து நிறத்தைப் பார்க்கவேண்டும். இன்னொரு துளி விட்டும் நிறம் மேலும் மாறாதபோதே முடிவு. நான்காவது, கடல்நீரில் மக்னீசியம் எடையில் கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு உண்டு. அது படியும்போது சிறிது கால்சியத்தையும் சிறைப்பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்ல விடுவிக்க, நீலம் மீண்டும் சிவக்கும். வேண்டிய ஈ.டி.டி.ஏ.யில் பத்தில் ஒன்பது பங்கை எரிசோடாவுக்கு முன்னரே இட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எரிசோடா காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கெடுவது. ஆதலால் அந்தப் புட்டியைத் திறந்துவைத்தல் ஆகாது.

ஐந்தாவதே தலையாயது. விடை தெரிந்த நீர் ஒன்றைக் கையில் வைத்திருக்கவேண்டும். ஆய்வகத் தூய்மையுள்ள கால்சியம் கார்பனேட்டை உலர்த்தி, ஒரு கிராம் நிறுத்து, கரையுமளவு மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டுக் கரைத்து, கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு லிட்டராக்கினால் அதில் கால்சியம் 400 மில்லிகிராம் இருக்கும். கரும்பலகைச் சுண்ணக்கட்டி இதற்கு உதவாது. பெரும்பாலும் அது ஜிப்சம். இந்த நீரில் 400 வந்தால் கையையும் மருந்தையும் நம்பலாம். 350 வந்தால் தொட்டியைத் தொடாதீர்கள், உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள். மங்களூர்க் கடற்கரையிலிருந்து ஒரு புட்டி நீர் கொண்டுவந்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மழைக்காலத்தில் நேத்திராவதியும் குருபுராவும் அங்கே வந்து கலக்கின்றன. ஆற்றுநீர் கலந்த கடல் சான்று சொல்லத் தகுதியற்றது.

இன்னொன்றும் சொல்லாமல் முடிக்கலாகாது. கால்சியத்தை அளக்கக் கற்றவுடன் கற்பவளம் வளர்க்கும் ஆசை வரும். நம் நாட்டில் கற்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. அவற்றைப் பிடுங்குவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கத்துப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த கதை நம் பாட்டன்மார் காலத்தது. இருபத்தொரு தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவாக 1986-இல் அது காக்கப்படுவதற்கு முன்பே பெருங்கேடு நேர்ந்துவிட்டது. அவற்றுள் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். பிறகு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஒரு நத்தையைக் காக்கத் தெரியாத நான் அந்தக் கடலின் செல்வத்தை ஓர் அறைக்குள் கொண்டுவர ஆசைப்படலாமா? மென்பவளமும் பாசியும் எனக்குப் போதும்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் வேதியியல் பயில்வோர் பலர் இருக்கிறோம். ஒரு மாலையில் கூடி, முறைப்படி ஒரு லிட்டர் அளவைநீர் செய்வோம். அதை ஒவ்வொருவரும் பெயரின்றி மும்முறை அளந்து, வந்த எண்களை வந்தபடியே ஒரு தாளில் எழுதுவோம். 400 வராதவர் நாணவேண்டியதில்லை. 400, 400, 400 என்று எழுதியவரைத்தான் நான் ஐயுறுவேன்! நாளை நம்மில் ஒருவர் குடிநீரை அளப்பார். ஒருவர் மருந்தை அளப்பார். ஒருவர் நோயாளியின் குருதியை அளப்பார். அங்கே எழுதாத மூன்றாம் அளவுக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் தொட்டியில் எஞ்சிய அந்த ஒரு நத்தை இன்றும் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.