ஏடு நமது, சாவி யாரது?

ஆவூராயினும் அறந்தாங்கியாயினும், பங்கின் திருமுழுக்கு ஏட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். அதே குடும்ப விவரங்களைக் கணினியில் ஏற்றும்போது மட்டும் பூட்டை மறப்பதேன்?

‘வசதி’ என்பர். யாருக்கு வசதி? விவரமெல்லாம் மென்பொருள் விற்ற நிறுவனத்தின் கணினியில் தங்கினால், சந்தா நின்ற நாளில் நம் ஏட்டை நாம் திறக்க அவர்கள் தயவை நாட வேண்டும்.

பங்கேடுகள் அயலார் கையில் சேராதபடி பங்குத்தந்தை காக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 535. ஒருவரது அந்தரங்கத்தைக் குலைக்க எவருக்கும் உரிமையில்லை என்கிறது 220. இவை 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளவை. நம் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென உறுதிசெய்தது 2017இல்தான். முந்தி அறிந்த நாம் பிந்திக் கடைப்பிடிப்பது முறையா?

பங்குப் பேரவையினரே, ஒப்பமிடுமுன் கேளுங்கள்: நகல் நம் கையில் உண்டா? திறப்பவர் யார்?