ஒரே ஒரு அப்டேட்... மீனம்பாக்கத்தில் நீண்ட க்யூ! கம்ப்யூட்டர் ஏன் ‘க்ராஷ்’ ஆகிறது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர்கள் முன்பு நீண்ட வரிசை. நாட்டின் பல விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். ஹேக்கிங்கா? இல்லவே இல்லை.

என்ன நடந்தது?

‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நீலத்திரை! மேக், லினக்ஸ் தப்பித்தன.

கோளாறு எங்கே?

புதிய கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடி, படிக்கக் கூடாத மெமரி பகுதிக்குள் போய்விட்டது. அனுப்பும் முன் இதைப் பிடித்திருக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது.

அதுக்காக மொத்த சிஸ்டமும் படுக்கணுமா?

ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் அந்த வீடு மட்டும்தான் இருட்டு. அடுக்குமாடியின் மெயின் போர்டிலேயே கோளாறு என்றால் எல்லா வீடும் அவுட். சாதாரண ஆப் க்ராஷ் ஆவது முதல் வகை. மூடிட்டு மறுபடி திறந்தா போதும். ஆனால் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள், இயங்குதளத்தின் மையமான ‘கெர்னல்’ மட்டத்தில் ஓடியது. அங்கே தவறு நடந்தால், டேட்டா பாழாகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நீலத்திரை என்பது ‘ட்ரிப்’ ஆகும் மெயின் சுவிட்ச் மாதிரிதான்.

சரிசெய்ய ஏன் இவ்வளவு நேரம்?

ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கோப்பு முதலிலேயே ஓடி, மீண்டும் க்ராஷ். பல கம்ப்யூட்டர்களில் ‘சேஃப் மோட்’ போய் அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. தாம்பரம் மெப்ஸில் ஆபீஸ், சேலையூரில் வீட்டிலிருந்து வேலை என்றால், ஐடி டீம் தூரத்திலிருந்தே சரிசெய்வது கஷ்டம். டிஸ்க் ‘பிட்லாக்கர்’ பூட்டில் இருந்தால் ரெக்கவரி கீ-யும் தேவை.

அப்போ அப்டேட்டே வேண்டாமா?

அது இன்னும் ஆபத்து. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அப்டேட்தான். பிரச்சினை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. இனி படிப்படியாக அனுப்புவதாக நிறுவனம் பிறகு அறிவித்தது.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டே விஷயம்: முக்கிய ஃபைல்களுக்கு பேக்கப். ரெக்கவரி கீ எங்கே இருக்குன்னு இன்னிக்கே பாத்து வெச்சுக்கோங்க, அதே லேப்டாப்புக்குள்ள மட்டும் வேண்டாம்!