அப்பாவின் குட்டி ரயில்: இடிப்பதா, எடுத்துக் கட்டுவதா?

‘லேஅவுட்’ என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது புறநகர் வீட்டுமனைதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. வீட்டின் கீழ்த்தளத்திலோ, பரணிலோ, கார் ஷெட்டிலோ பெரிய மேசை போட்டு, அதன் மேல் தண்டவாளம், ஸ்டேஷன், மலை, சுரங்கம் என ஒரு ரயில் உலகத்தையே சின்ன அளவில் கட்டி ஓட்டுவார்கள். அதுதான் மாடல் ரயில் லேஅவுட்.

‘பொம்மை ரயில்தானே?’ என்று தோன்றலாம். ஆனால் இதில் எல்லாமே அளவுக் கணக்கு. அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாப் பொருளும் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். 85 அடி நீளமுள்ள அமெரிக்கப் பயணிகள் பெட்டி இதில் ஓரடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

1950களிலும் 60, 70களிலும் இப்படிக் கட்டியவர்கள் இன்று முதியவர்கள். சிலர் உயிரோடு இல்லை. வீடு பிள்ளைகளின் கைக்கு வருகிறது. கீழ்த்தளத்தில் தூசி படிந்த மலை, ஓடாத இன்ஜின், எங்கே போகிறது என்றே தெரியாத ஒயர்கள். என்ன செய்வது?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான்: எல்லாவற்றையும் உடைத்து எறிந்துவிட்டு, புதுசாக, இன்னும் பெரிசாகக் கட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல நேரங்களில் இது தப்பான முடிவு. முதலில் பழையதை ஓட வைக்க வேண்டும், பிறகு சீர் செய்ய வேண்டும், விரிவாக்கம் கடைசியில்தான் வர வேண்டும்.

ஏன் உடைக்க அவசரப்படக் கூடாது?

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதுசே இல்லை. யாரோ எழுதிய பழைய கோடைப் பார்த்ததும் ‘முழுசா திருப்பி எழுதிடலாம்’ என்று கை பரபரக்கும். பாதி எழுதிய பிறகுதான், பழைய கோடில் கிறுக்குத்தனமாகத் தெரிந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருந்தது புரியும்.

இந்த ஒப்புமைக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பில்தான் ‘ஹேக்’ என்ற சொல் இன்றைய கணினி அர்த்தத்தை நோக்கி நகர்ந்தது. அங்கே மேசைக்கு மேலே மரம், மலை, ஊர் செய்தவர்கள் ஒரு கூட்டம். மேசைக்குக் கீழே, பழைய தொலைபேசி இணைப்பகக் கருவிகளை வைத்து ரயில்களை இயக்கும் சர்க்கியூட் கட்டியவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தில் சிலர்தான் பின்னாளில் கணினிப் பக்கம் போனார்கள். அந்த கிளப் இருந்த 20-ம் எண் கட்டிடம் 1998-ல் இடிக்கப்பட்டது. பழைய லேஅவுட் கலைக்கப்பட, கிளப் வேறு கட்டிடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. கட்டிடமே போகும்போது வேறு வழியில்லை. வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர். 1940களில் அவர் கட்டிய முதல் லேஅவுட் ஏழடி நீளம்கூட இல்லை. 1950களில் பெரிய வீட்டுக்கு மாறியபோது, கீழ்த்தளம் முழுக்கப் பரவும் ரயில் பாதையைக் கட்டத் தொடங்கினார். அப்போது பழைய குட்டி லேஅவுட்டைத் தூக்கிப் போடவில்லை. புதியதற்குள் ஒரு பகுதியாகவே பொருத்திக்கொண்டார். உலகின் புகழ்பெற்ற வீட்டு லேஅவுட்டுகளில் ஒன்றான அதன் மூலையில், அவருடைய ஆரம்பகால வேலை கடைசிவரை இருந்தது. பெரிதாகக் கட்டுவதற்குப் பழையதை அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கை வைக்கும் முன் கேமரா

ஜான் ஆலன் 1973 ஜனவரியில் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்தது. இருந்தும் இன்றுவரை மாடல் ரயில்காரர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், அவர் எடுத்துவைத்த புகைப்படங்கள்தான் காரணம்.

எனவே முதல் வேலை ஸ்க்ரூ டிரைவர் அல்ல, போன் கேமரா. மேலே, கீழே, ஒவ்வொரு சந்திப்பு, ஒவ்வொரு ஸ்விட்ச் என எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஒயருக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுத வேண்டும்.

கட்டியவர் உயிரோடு இருந்தால் இன்னும் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ‘அப்பா, இந்த ஸ்விட்ச் எதுக்கு?’ என்று கேட்டு வீடியோ எடுக்க வேண்டும். வரைபடம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது, அவர் தலைக்குள் இருக்கும். ‘அப்பாவுக்குத் தெரியாம முடிச்சு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்’ என்பது அன்பான எண்ணம்தான். ஆனால் 75 வயதுக்காரருக்குத் தன் 30 வருட உழைப்பு குப்பை வண்டியில் போயிருப்பதைப் பார்ப்பது சர்ப்ரைஸாக இருக்காது.

எதில் உயிர் ஆபத்து?

பழசைக் காப்பாற்றுவது என்றால் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்வது இல்லை. சிலவற்றில் பாசம் பார்க்கக் கூடாது.

முதலாவது, பவர் பேக். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் அளவிலான மின்சாரம்தான், அதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நுழைவது வீட்டு மின்சாரம். உறை வெடித்த, துணி சுற்றிய பழைய கேபிளைப் பிளக்கில் சொருகிப் பார்ப்பது வேண்டாத வேலை. புதியது வாங்கிவிடுவதே நல்லது.

இரண்டாவது, மலை. அந்தக் காலத்தில் சிலர் மலை செய்யும் பிளாஸ்டர் கலவையில் ஆஸ்பெஸ்டாஸ் தூளைச் சேர்த்தார்கள். அது நுரையீரலுக்கு எமன் என்பது அப்போது பரவலாகத் தெரியாது. கலவை என்னவென்று தெரியாத பழைய மலையை உலர்ந்த நிலையில் ரம்பத்தால் அறுக்கவோ சுத்தியலால் உடைக்கவோ கூடாது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். ‘உடைத்துவிட்டுப் புதுசா கட்டலாம்’ என்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இது. பழைய பெயின்டிலும் சால்டரிலும் ஈயம் இருக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குழந்தைகளை அந்த நேரத்தில் தள்ளி வைக்க வேண்டும்.

எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது?

தண்டவாளத்தின் நிறத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மஞ்சளாக இருந்தால் பித்தளை. அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வாராவாரம் தேய்க்க வேண்டிவரும். வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. சுத்தம் செய்து தொடர்ந்து பயன்படுத்தலாம்.

‘ஓடவே மாட்டேங்குது’ என்று கைவிடப்பட்ட பல லேஅவுட்டுகளில் கோளாறு இன்ஜினில் இருப்பதில்லை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்ன உலோகக் கிளிப்புகள் காலப்போக்கில் தளர்ந்து, துருவேறி, மின்சாரத்தை நிறுத்திவிடும். மேசைக்கடியில் இரண்டு தடித்த ஒயர்களை ஓட்டி, அதிலிருந்து சில அடிக்கு ஒருமுறை மெல்லிய ஒயரால் தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், பாதி வியாதி தீர்ந்துவிடும்.

ஆனால், தண்ணீர் ஏறி பிளைவுட் உப்பிப் போயிருந்தால், மேசையே முறுக்கிக்கொண்டிருந்தால், அதன் மேல் எவ்வளவு செலவு செய்தாலும் ரயில் தடம்புரளத்தான் செய்யும். அந்த இடத்தில் உடைப்பதுதான் சரி. அப்போதும் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஏதாவது ஒரு மூலையை அறுத்தெடுத்துப் புதியதில் வைத்துக்கொள்ளலாம்.

டிஜிட்டலுக்கு மாறணுமா?

பழைய முறையில் தண்டவாளத்தின் வோல்டேஜைக் கூட்டினால் ரயில் வேகமெடுக்கும், துருவத்தை மாற்றினால் திரும்பி வரும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியாக ஓட்டப் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

1990களில் பரவத் தொடங்கிய டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் இன்ஜினிலும் ஒரு டீகோடர், அதற்கென ஓர் எண். கட்டளை அந்த எண்ணுக்கு மட்டும் போகும். ஒரே பாதையில் இரண்டு ரயிலைத் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம்.

வசதிதான், ஆனால் அவசரம் வேண்டாம். பழைய மோட்டார்கள் அதிக கரன்ட் இழுக்கும். அளந்து பார்க்காமல் டீகோடர் பொருத்தினால் அது கருகிவிடும். அதோடு டி.சி.சி. மின்சாரம் ஷார்ட் ஆனால் சூடு ஏறும். பாதை நெடுக ஒரு நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் பிரேக்கர் உடனே விழ வேண்டும். விழாத இடத்தில் ஒயரிங் சரியில்லை என்று அர்த்தம்.

விரிவாக்கம்: முதலில் மனிதனுக்கு இடம்

காலி இடம் முழுக்க மேசை போட்டுவிடுவதுதான் விரிவாக்கத்தில் பலரும் செய்யும் தவறு. கை எட்டும் தூரம் சுமார் 30 அங்குலம். அதற்கு அப்பால் தடம்புரண்ட பெட்டியை எடுக்க மலை மீது படுக்க வேண்டியதுதான். எனவே நடைபாதையை முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தில் ரயிலை வரைய வேண்டும்.

ஏற்றமும் ஏமாற்றும். ஒரு பாதை இன்னொன்றின் மேலே போக எச்.ஓ. அளவில் 3 அங்குல உயரமாவது வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் 3 அங்குலம் ஏற 150 அங்குலம், அதாவது பன்னிரண்டரை அடி ஓட வேண்டும். இறங்க இன்னொரு பன்னிரண்டரை அடி. சின்ன அறையில் இந்தக் கணக்கு உதைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கதவு. புதிதாகச் சேர்க்கும் எந்தப் பகுதியும் கழற்றி, கதவு வழியாக வெளியே கொண்டுபோகும் அளவில் இருக்க வேண்டும். இன்றைய இளைஞர்கள் ஒரே வீட்டில் 30 வருடம் இருக்கப் போவதில்லை. வேலை மாறும், ஊர் மாறும். சுவரோடு சேர்த்துக் கட்டியது வீடு விற்கும் நாளில் குப்பைக்குத்தான் போகும். அப்பாவின் லேஅவுட் இன்று இந்த நெருக்கடியில் நிற்பதற்கும் அதுதான் காரணம். அதே தப்பை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச்செல்ல வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது?

ஒரு வட்டப் பாதை போதும். முதல் சில வார இறுதிகளில் அதை மட்டும் சுத்தம் செய்து, புது பவர் பேக் மாட்டி, ஒரே ஓர் இன்ஜினை ஓட வைக்க வேண்டும். ஓடும் ரயில் ஒன்று கண்முன் இருந்தால் மிச்ச வேலையைச் செய்ய ஆர்வம் வரும். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அந்தக் குவியலைத் தாண்டுவதே இல்லை.

முதல் முறை இன்ஜின் கிளம்பும்போது கன்ட்ரோலர் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளலாம். கட்டியவர் இருந்தால், அவர் கையில்.